வயிறு தெரியப் படம் போட்டால்தான் ஜனங்கள் ஓட வருவார்களா?

அல்சூர்_அகிலா:
நேற்று நம் காலை ஓட்டக் குழுவில் தினேஷ் எழுதியது இது: "வயிறு தெரிய எடுத்த ஜிம் படங்கள்தான் ஜனங்களை உடற்பயிற்சிக்குக் கொண்டுவருகின்றன. அதைக் குறை சொல்வது வெறும் பொறாமை." படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. தம்பி, இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் டிகமன், சக்கார்டோ என்ற இருவர் 2015இல் வெளியிட்ட ஆய்வு. 130 கல்லூரி மாணவிகளில் ஒரு குழுவுக்கு இன்ஸ்டாகிராம் ஃபிட்னஸ் படங்களைக் காட்டினார்கள், இன்னொரு குழுவுக்குச் சுற்றுலாப் படங்களை. ஃபிட்னஸ் படம் பார்த்தவர்களுக்கு உடம்பைத் தேற்ற வேண்டும் என்ற ஆசை வந்தது, சரி. கூடவே மனசும் வாடியது, தன் உடம்பே தனக்குப் பிடிக்காமல் போவதும் கூடியது. இதையா ஊக்கம் என்கிறீர்கள்?

டம்பெல்_தினேஷ்:
130 பேர்! எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவிலேயே அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள் அக்கா. நான் 94 கிலோ இருந்தேன். ஒருவர் சட்டையில்லாமல் போட்ட 'முன்பு, பின்பு' படத்தைப் பார்த்துத்தான் ஜிம்மில் பணம் கட்டினேன். இன்றைக்கு 78. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அல்சூர்_அகிலா:
130 பேர் போதாது என்றால் நீங்கள் ஒரே ஒருவர்.

லால்பாக்_நடையர்:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். ஊக்கம் என்று எதைச் சொல்கிறோம்? ஜிம்முக்கு முதல் நாள் போவதையா, மூன்றாவது வருஷமும் போவதையா? உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி. வேகமான நடையே போதும், அதற்கு யார் வயிறும் தெரிய வேண்டியதில்லை.

டம்பெல்_தினேஷ்:
சார், நீங்கள் லால்பாக்கை ஒரு சுற்று சுற்றிவிட்டு நேராக மசால் தோசைக்குப் போகிறவர். அந்த 130 பேர் விஷயத்துக்கு வாருங்கள்.

லால்பாக்_நடையர்:
என் தோசையை இழுக்காதீர்கள். போன மாதம் புரோட்டீன் பொடி விவாதத்திலும் இதே வேலைதான் செய்தீர்கள், நான் மறக்கவில்லை.

கோரமங்களா_குமரேசன்:
படத்தில் தப்பில்லை, உடுப்பில்தான் தப்பு. குடும்பப் பெண்கள் அரைகுறையாக நின்று படம் போடுவது நம் பண்பாடா?

சிவாஜிநகர்_சித்ரா:
வந்துவிட்டார். தினேஷ் சட்டையைக் கழற்றினால் உழைப்பு, நான் ஸ்போர்ட்ஸ் பிரா போட்டால் பண்பாடு போய்விடுமா? நீங்களே பனியன்கூட இல்லாமல் புரொஃபைல் படம் வைத்திருக்கிறீர்களே, முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

அல்சூர்_அகிலா:
குமரேசன் சார், தயவுசெய்து என் பக்கம் சேராதீர்கள். நான் உடுப்பைப் பற்றிப் பேசவே இல்லை. வேர்வைக்கும் வெயிலுக்கும் எது வசதியோ அதைப் போடட்டும். என் கோபம், அந்தப் படத்தைக் காட்டி "இதுதான் ஆரோக்கியம், நீயும் இப்படி ஆகு" என்று சொல்வதில். நான் போய்க்கொண்டிருந்த ஜிம்மில் ஒரு பையன் படம் எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதல் நாளே தண்ணீரையும் உப்பையும் குறைத்துவிட்டான். டியூப்லைட்டை அணைத்து, தலைக்கு மேல் இருந்த மஞ்சள் பல்பை மட்டும் விட்டான். முப்பது தண்டால் எடுத்து, தசை புடைத்திருக்கும்போதே மூச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாக எடுத்தான். நாக்கு வறண்டு, உட்கார இடம் தேடினான். மறுநாள் அந்தப் படத்துக்குக் கீழே எழுதியது "ஹெல்தி லைஃப்"! அதே மாதிரிப் படங்களை ராத்திரி ராத்திரியாகப் பார்த்துத்தான் நானும் சோற்றைக் குறைத்தேன், ஓட்டத்தைக் கூட்டினேன். ஐந்து மாதம் மாதவிடாய் நின்றுபோனது. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "ஓடுகிற அளவுக்குச் சாப்பிடுகிறாயா?" என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லைதான். ஆனால் வயிறு தட்டையாகத் தெரிந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று நான் நம்பியது அந்தப் படங்களைப் பார்த்துத்தான்.

டம்பெல்_தினேஷ்:
உங்களுக்கு நடந்ததற்கு வருத்தம்தான் அக்கா. ஆனால் அது நீங்கள் சாப்பிடாததால் வந்தது, படத்தால் இல்லை. அந்த 130 பேரில் ஃபிட்னஸ் படம் காட்டப்பட்டவர்கள் அதைப் பார்த்தது ஒருமுறை. நான் தினமும் பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அல்சூர்_அகிலா:
ஒருமுறை பார்த்ததற்கே அப்படி என்றால் தினமும் பார்த்தால்? உங்கள் 78 கிலோவை நான் மறுக்கவில்லை, அது உங்கள் உழைப்பு. அதை ஏன் எவனோ ஒருவனுடைய வயிற்றுக்குத் தாரை வார்க்கிறீர்கள்? நார்வேயில் விளம்பரப் படத்தில் உடம்பைத் திருத்தியிருந்தால் அதைப் படத்திலேயே குறிப்பிட வேண்டும் என்று 2022 ஜூலை முதல் சட்டமே இருக்கிறது. ஒன்றும் இல்லாததற்கா சட்டம் போட்டார்கள்?

கோரமங்களா_குமரேசன்:
நார்வேயில் குளிர். அங்கே எல்லோரும் முழுக்கை போடுவார்கள்.

சிவாஜிநகர்_சித்ரா:
பேச்சை மாற்றாதீர்கள் சார். பனியன் கேள்வி அப்படியே நிற்கிறது.

டம்பெல்_தினேஷ்:
நார்வே, ஆஸ்திரேலியா எல்லாம் இருக்கட்டும். கப்பன் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறவர்களைக் கேளுங்கள், எதைப் பார்த்து வந்தீர்கள் என்று. 130க்கு மேலேயே ஆள் கிடைக்கும்.

அல்சூர்_அகிலா:
கேட்கிறேன். கூடவே, எதைப் பார்த்து நிறுத்தினீர்கள் என்று வராமல் போனவர்களையும் கேட்க வேண்டும். அவர்களை எந்தப் பார்க்கில் தேடுவீர்கள் தம்பி?

டம்பெல்_தினேஷ்:
முதலில் அந்த 130ஐ 1,300 ஆக்கிக்கொண்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

லால்பாக்_நடையர்:
நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

சிவாஜிநகர்_சித்ரா:
குமரேசன் சார் புரொஃபைல் படத்தை மாற்றிவிட்டார். இப்போது முழுக்கைச் சட்டை. பதில் மட்டும் வரவில்லை.