பித்தளைத் திசைகாட்டி: பழசோ, பழசாக்கினதோ?

கேள்வி:
கிளிநொச்சியில பழைய சாமான் விக்கிற ஒருத்தரிட்ட மூடி போட்ட பித்தளைத் திசைகாட்டி ஒண்டு கிடக்கு. மூடியில 'ஸ்டான்லி லண்டன் 1885' எண்டு வெட்டியிருக்கு. நல்லாக் கறுத்திருக்கு. வாங்கலாமோ?

பதில் 1:
அந்த எழுத்தே முதல் சந்தேகம், தம்பி. லண்டனில ஸ்டான்லி எண்ட கருவிக் கம்பனி இருந்தது உண்மை. ஆனா அதே பேரும் 1885உம் வெட்டின அலங்காரச் சாமான் இந்தியாவில இருந்து குவியலா வருது. கறுப்பைப் பாருங்கோ. கை படுற விளிம்பு தேய்ஞ்சு மினுங்கி, பிணைச்சல் இடுக்கில மட்டும் கறுத்திருந்தா நம்பலாம். எல்லா இடமும் ஒரே மாதிரிக் கறுப்பெண்டா மருந்து பூசினது. பிறகு திருகாணி: நட்சத்திரத் தலை (கூட்டல் குறி மாதிரி வெட்டு உள்ளது) 1930களிலதான் வந்தது, 1885இல இருக்கேலாது. பாகைக் கோடுகளை உருப்பெருக்கியால பாருங்கோ. இடைவெளி சீரில்லாட்டி வேலைக்குச் செய்த கருவி இல்லை.

பதில் 2:
அண்ணை சொன்னது சரி. ஒண்டு கூட்டிச் சொல்லுறன்: இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரித்தானிய இராணுவத் திசைகாட்டியெண்டா அம்புக்குறி முத்திரையும் தொடர் இலக்கமும் இருக்கும். அதையும் போலியா வெட்டுறாங்கள். அசலில இருட்டில ஒளிர்ற பூச்சு ரேடியம். இப்ப ஒளிராட்டியும் கதிர்வீச்சு போகாது, ரேடியம் பாதியாக் குறையவே கிட்டத்தட்ட 1600 வருசம் எடுக்கும். கண்ணாடியைக் கழட்டாதேங்கோ, சுரண்டாதேங்கோ.

கேட்டவர்:
திருகாணி நட்சத்திரத் தலைதான். அப்ப விடுறன்.

பதில் 1:
மேசையில வைக்க வடிவுதான். புதுச்சாமான் விலைக்குத் தந்தா வாங்குங்கோ. எலுமிச்சம்புளி போட்டு மினுக்க வேண்டாம், இலக்கத் தகட்டுப் பூச்சு கழண்டுபோம்.