டிஜிட்டல் உருவங்களுக்குப் பச்சை குத்துகிறவர்கள் வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

வடபழனி டெக்ஸ்ச்சர்:

எங்கள் ஸ்டூடியோவில் டிஜிட்டல் மனிதர்களுக்கு டாட்டூ போடும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். டிசைனை எடு, போட்டோஷாப்பில், உருவத்தின் மேல் போர்த்தும் தோல் படத்துக்கு மேல் வை, கீழ்ப் படத்தோடு நிறத்தைக் கலக்கும் மல்டிப்ளை போடு, முடிந்தது. யூடியூபில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். அவர்கள் காட்டும் மாடலுக்கு வெள்ளைத் தோல். நம் ஊர் நிறத்தில் அதையே செய்தால் சூயிங்கம் பாக்கெட்டில் வரும் ஸ்டிக்கரை ஒட்டியது போல நிற்கும்.

எனக்கு இதில் பாடம் எடுத்தவர் காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு பாட்டி. வடசென்னைக் கதை ஒன்றுக்காக வயதான பெண் உருவம் செய்துகொண்டிருந்தோம், முன்கை நிறையப் பழைய பச்சை வேண்டும் என்று டைரக்டர் கேட்டிருந்தார். வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தவரின் கையையே பார்த்தபடி நின்றதில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இன்னா தம்பி, மீனைக் கேக்காம கையையே பாத்துனு கீற?" விஷயத்தைச் சொன்னேன். "இத்தப் போய் கம்ப்யூட்டர்ல குத்தப் போறியா?" என்று சிரித்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்து நீட்டினார். சின்ன வயதில் "பச்சை குத்தலியோ பச்சை" என்று தெருவில் கூவிக்கொண்டு வந்த அம்மாவிடம் குத்திக்கொண்டதாம். மொபைலில் படம் எடுக்கவும் விட்டார்.

புள்ளி வைத்த கோலம். கிட்டத்தில் பார்த்தால் கறுப்பே இல்லை, பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு நீலம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பல இடங்களில் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டிருந்தன. கோட்டின் நடுவில் அடர்த்தி இருக்கிறது, ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. தோல் சுருக்கங்கள் கோலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடின. ஒரு மச்சம் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது, மையைவிடக் கறுப்பாக. வேர்வையில் வெயில் பட்டபோது மை உள்ள இடமும் இல்லாத இடமும் ஒரே மாதிரி மின்னின.

எனக்குக் கண் திறந்தது அந்தக் கடைசி விஷயத்தில்தான். மின்னுவது தோலின் மேற்பரப்பு. மை அதற்குக் கீழே, டெர்மிஸ் என்ற உள்தோல் அடுக்கில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. நம் நிறத்தைத் தரும் மெலனினோ மைக்கு மேலே, எபிடெர்மிஸ் என்ற மேல்தோலில் இருக்கிறது. ஆக, டாட்டூவை நாம் பார்ப்பதே மெலனின் வழியாகத்தான். மாநிறக் கையில் மஞ்சள் மை காணாமல் போவதும் சிவப்பு அரக்காகத் தெரிவதும் இதனால்தான். கறுப்பு நீலமாவதற்குக் காரணம் ஒளிச்சிதறல்: சிவப்பு ஒளி ஆழமாகப் போய் மையில் மாட்டிக்கொள்கிறது, நீல ஒளி பாதி வழியிலேயே சிதறித் திரும்பிவிடுகிறது. மணிக்கட்டில் நரம்பு நீலமாகத் தெரிவதும் கிட்டத்தட்ட இதே கணக்கு. அப்புறம் இன்னொரு சுவாரசியம்: மைத் துகள்களை மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் விழுங்கி வைத்திருக்கின்றன. ஒன்று செத்தால் அது விட்டுப்போன மையை இன்னொன்று எடுத்துக்கொள்கிறது என்று 2018-ல் பிரான்சில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. டாட்டூ அத்தனை காலம் நிற்பதற்கு இப்படி ஒரு காவல்!

இது புரிந்த பிறகு லேயர் அடுக்கும் வரிசையையே மாற்றிவிட்டேன். தோல் படத்தை இரண்டாகப் பிரிக்கிறேன். மங்கலாக்கிய அடிநிறம் ஒன்று. துளை, சுருக்கம், மச்சம் எல்லாம் உள்ள நுண்விவரம் ஒன்று. மை இரண்டுக்கும் நடுவில் போகிறது. சுத்தக் கறுப்பு வைப்பதே இல்லை, நீலம் கலந்த அடர்சாம்பல்தான். ஒபாசிட்டி (மையின் அடர்த்தி) 70 முதல் 85 சதவீதம், பழைய பச்சைக்கு இன்னும் குறைவு. 4கே (4096 பிக்சல்) படத்தில் புது டாட்டூவுக்கு ஒரு பிக்சல் மங்கல் போதும். பாட்டியின் கோலத்துக்கு அதைப் போல மூன்று நான்கு மடங்கு வேண்டியிருந்தது, அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லாமல். மினுமினுப்பையும் மேடுபள்ளத்தையும் தரும் ரஃப்னஸ், நார்மல் மேப் பக்கம் போகவே இல்லை.

சூப்பர்வைசர் முதலில் பார்த்துவிட்டு, "என்னப்பா, கை அழுக்கா இருக்கு?" என்றார். பாட்டியின் போட்டோவைப் பக்கத்தில் வைத்தேன். அப்ரூவ் ஆகிவிட்டது.

ஒரு கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். முழுக்கை ஒரு 4096 பிக்சல் படத்தில் நீளவாட்டில் உட்கார்ந்தால் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 60 பிக்சல்தான் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் கோட்டுக்கு ஆறு பிக்சல், கிட்டத்தில் காட்டினால் போதாது. க்ளோசப் உண்டா என்று டைரக்டரிடம் முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ராத்திரி ரெண்டர்:

நல்ல பதிவு ப்ரோ. நான் டாஸ் ஸ்டூடியோ என்ற 3டி சாஃப்ட்வேரில் வேலை செய்யும் ஆள். அதில் வரும் ஜெனிசிஸ் 8 என்ற மனித உருவத்துக்கு டாட்டூ போட்டால் ரெண்டரில் (கம்ப்யூட்டர் கடைசியில் தரும் படத்தில்) வெளிறிப்போய்விடுகிறது என்று ஒரு தம்பி ஃபைலை அனுப்பியிருந்தான். இரட்டை இலையைக் கையில் குத்திக்கொண்ட அந்தக் காலத்துக் கட்சிக்காரர் பாத்திரம். டிசைன் அருமை, ஆனால் தோலின் மேல்நிறத்தைத் தரும் பேஸ் கலர் மேப்பில் மட்டும்தான் மை இருந்தது. தோல் எப்படித் தெரிய வேண்டும் என்று அமைக்கும் ஐரே ஊபர் ஷேடரில், ட்ரான்ஸ்லூசன்ஸி (ஒளி உள்ளே ஊடுருவுவது) நிறத்துக்குத் தனியாக ஒரு மேப் உண்டு. அதில் மை இல்லாத சுத்தமான தோல் இருந்தால், உள்ளே சிதறி வரும் ஒளி மையைக் கழுவிவிடும். அதிலும் அதே இடத்தில் மையை வைத்ததும் இலை எழுந்து வந்துவிட்டது. வேறு ரெண்டரரில் வேலை செய்பவர்களும் டாட்டூ உள்ள இடத்தை மட்டும் பிரித்துக் காட்டும் மாஸ்க்கைக் கொண்டு சப்ஸர்ஃபேஸ் (தோலுக்குள் ஒளி சிதறும்) அளவை அந்த இடத்தில் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், காது மடலில் போட்ட டாட்டூவில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

உருவத்தின் மேல் போர்த்தும் மெல்லிய உறையான ஜியோமெட்ரி ஷெல் பற்றிக் கேட்பார்கள். டிசைன் எங்கே நிற்கும் என்று பார்க்க, சட்டென்று மாற்ற, ஷெல் வசதி. ஃபைனலுக்கு எனக்குப் பிடிக்காது. அது தோலுக்கு வெளியே மிதக்கும் இன்னொரு தோல்தானே. பக்கவாட்டில் கேமரா போனால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

தி.நகர் ஊசி:

நான் 3டி ஆள் இல்லை, டாட்டூ போடுகிறவள். கேம் டிசைன் படிக்கும் தங்கை மகன் லிங்க் அனுப்பியதால் வந்தேன். அவன் காட்டும் உருவங்களில் எனக்கு முதலில் உறுத்துவது மை இல்லை, இடம்தான்.

நாங்கள் ஸ்டென்சில் (டிசைனைத் தோலில் பதிக்கும் தாள்) ஒட்டும்போது ஆளை நிற்கச் சொல்லி, கையைச் சும்மா தொங்கவிடச் சொல்வோம். முன்கை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று புரளும். உள்ளங்கையைத் திருப்பினால் நேராக இருந்த எழுத்து கோணிக்கொண்டு போகும். உங்கள் உருவங்களோ இரண்டு கையையும் சிலுவை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த நிலையில் நேராக இருக்கிற டாட்டூ, கை தொங்கும்போது கோணலாகிவிடாதா? அவனிடம் கேட்டேன், விழித்தான்.

அடுத்தது வயசு. புதிதாகப் போட்டது சிவந்து, கொஞ்சம் வீங்கி, பளபளவென்று இருக்கும். சில நாளில் உரியும். மேல்தோல் ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். நேற்றுப் போட்ட டாட்டூ என்று கதையில் இருந்தால் மேடும் சிவப்பும் காட்டுங்கள், பத்து வருஷம் ஆனது என்றால் அதெல்லாம் கூடாது. தழும்பு உள்ளவர்கள் விதிவிலக்கு. விரலிலும் உள்ளங்கையிலும் போட்டது சீக்கிரம் மங்கும். அரைக்கைச் சட்டையோடு வருஷக்கணக்கில் பைக் ஓட்டுபவரின் கையில், சட்டைக்குள் இருக்கிற பாதி தெளிவாகவும் வெளியே இருக்கிற பாதி வெளிறியும் இருக்கும். தோல் நிறமும் அந்தக் கோட்டில்தான் மாறும்.

கவர்-அப்பை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. காதலி பெயரை மறைக்கச் சொல்லி மாதாமாதம் யாராவது வருவார்கள். மேலே ரோஜாவைப் போட்டு அடைப்போம், ஆனாலும் இதழுக்குள் பழைய எழுத்தின் வளைவு லேசாகத் தெரியும். பாத்திரத்துக்குக் கதை வேண்டும் என்றால் இதைவிட என்ன வேண்டும்?

பாட்டி கோலம் பற்றி: அந்தக் காலத்தில் விளக்குக்கரிதான் மை. இன்றைய கறுப்பு மையிலும் பெரும்பாலும் கார்பன்தான். நிறம் மாறுவது ஒரே மாதிரி இருப்பதில் ஆச்சரியமில்லை.

போரூர் ப்ளெண்டர்:

அக்கா சொன்ன கை விஷயம் நூற்றுக்கு நூறு. எழுத்தை, உருவத்தின் தோலை விரித்து வைத்த யுவி படத்தில் தட்டையாக ஒட்டாமல், கையைத் தொங்கவிட்டு போஸ் செய்து, ஸ்டென்சிலால் உருவத்தின் மேலேயே நேரடியாகப் பெயின்ட் பண்ணுங்கள். தோள்பட்டையில் கைக்கு ஒரு டைல் (தோல் படத்தின் ஒரு துண்டு), உடம்புக்கு ஒரு டைல் என்று பிரிந்திருக்கும் இடத்திலும் தையல் போல இணைப்புக்கோடு விழாது. இப்படிப் பிரிக்கும் யூடிம் டைல்களை இலவச 3டி சாஃப்ட்வேரான ப்ளெண்டர் 2020-ல் வந்த 2.82-லிருந்தே ஏற்றுக்கொள்கிறது, அவற்றுக்காக வேறு சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம்.

எனக்கு ஒரு சந்தேகம். கிளையன்ட் இன்ஸ்டாகிராமில் யாரோ கையில் பார்த்த டாட்டூவை அனுப்பி, "அப்படியே வேணும்" என்கிறார். போடலாமா?

ராத்திரி ரெண்டர்:

வேண்டாம் ப்ரோ. அமெரிக்காவில் இது கோர்ட் வரை போயிருக்கிறது. டபிள்யூடபிள்யூஇ 2கே என்ற மல்யுத்த கேமில் மல்யுத்த வீரர் ராண்டி ஆர்ட்டனின் டாட்டூக்களை அப்படியே காட்டியதற்கு, அவற்றைப் போட்ட கலைஞர் வழக்குப் போட்டார். 2022-ல் ஜூரி அவர் பக்கம் நின்றது. ஜூரி சொன்ன இழப்பீடு என்னவோ 3,750 டாலர்தான். அதற்கு முன்னால் 2020-ல் என்பிஏ 2கே என்ற கூடைப்பந்து கேம் மீதான இதே மாதிரி டாட்டூ வழக்கில் கேம் கம்பெனி ஜெயித்தது. தீர்ப்பு இப்படியும் அப்படியும் போகிற விஷயத்தில், அட்வான்ஸ் கூட ஒழுங்காகத் தராத கிளையன்டுக்காக நீங்கள் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்? புதிதாக வரையச் சொல்லுங்கள்.

வடபழனி டெக்ஸ்ச்சர்:

அடுத்த ப்ராஜெக்டில் முதுகு முழுக்க டாட்டூ வைத்த ஒரு ரவுடி வருகிறார். தி.நகர் அக்கா, டிசைன் வரைந்து தருவீர்களா? ரேட் பேசிக்கொள்ளலாம்.

தி.நகர் ஊசி:

தருகிறேன் தம்பி. முதலில் ஆளின் வயசு, எந்த வருஷம் எதைக் குத்திக்கொண்டார், ஜெயிலில் குத்தியது எத்தனை, கடையில் போட்டது எத்தனை என்று எழுதி அனுப்புங்கள். அப்புறம், டைட்டிலில் என் கடை பேர் வரணும்.