பிரேக்கும் பிடிக்கவில்லை, பேட்டரியும் அடிவரை வடிந்துவிட்டது: ஈ.எஸ்.சி.யில் எதை மாற்றிவிட்டேன்?

மெல்லிறகு எழுதியது:

ரேடியோவில் இயக்கும், இரண்டு மீட்டர் இறக்கை கொண்ட மாதிரி மின் கிளைடர் வைத்திருக்கிறேன். மூன்று செல் 2200 எம்.ஏ.எச். (மில்லிஆம்பியர்-மணி) லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 40 ஆம்பியர் ஈ.எஸ்.சி., மூக்கில் மடங்கும் ப்ரொப்பெல்லர். மோட்டாரை நிறுத்தினாலும் ப்ரொப்பெல்லர் மடங்காமல் காற்றில் சுற்றிக்கொண்டே இருந்தது. நல்ல கிளைடர் ஒன்று கண்ணெதிரே மளமளவென்று உயரத்தை இழப்பதைப் பார்க்க மனம் வரவில்லை. பிரேக்கை இயக்க வேண்டும் என்று படித்தேன். ஈ.எஸ்.சி.யின் அமைப்புகளை மாற்றும் ப்ரோகிராம் கார்டு இல்லாததால், ட்ரான்ஸ்மிட்டரில் மோட்டார் வேகத்துக்கான த்ராட்டில் குச்சியை வைத்தே செய்தேன்.

குச்சியை மேலே வைத்து பேட்டரியை இணைத்தேன். இரண்டு பீப், சற்றுக் காத்திருந்தபின் ஒரு சிறு இசை, அதன்பின் வரிசையாக பீப் ஒலிகள். ஈ.எஸ்.சி.யின் துண்டுத்தாளின்படி ஒவ்வொரு பீப் வகையும் ஓர் அமைப்புக்கான பகுதி, முதல் பகுதி பிரேக். ஒற்றை பீப் கேட்டதும் குச்சியைக் கீழே இறக்கினேன், சற்றுத் தாமதமாகியிருக்கலாம். பிறகு இரட்டை பீப் வந்தபோது மேலே ஏற்றினேன், ஏனென்றால் இரண்டாவது மதிப்புதான் 'பிரேக் உண்டு'. உறுதிப்படுத்தும் இசையும் கேட்டது.

மறுநாள் பறக்கவிட்டேன். ப்ரொப்பெல்லர் முன்போலவே சுற்றியது. அதைவிட மோசம் ஒன்று நடந்தது. வழக்கமாக ஆறாவது ஏற்றத்தில் மோட்டாரின் வலு குறைந்து, இறங்கச் சொல்லிவிடும். இந்த முறை எட்டாவது ஏற்றத்திலும் இழுத்தது. பேட்டரி நன்றாக நிற்கிறது என்று மகிழ்ந்தேன். இறக்கி அளந்தால் 8.7 வோல்ட்! பேட்டரியின் ஒரு பக்கம் லேசாக உப்பியிருக்கிறது.

இது தொடர்புள்ளதா என்று தெரியவில்லை: முன்பெல்லாம் பேட்டரியை இணைத்ததும் சில குறும் பீப்களும் ஒரு நீண்ட பீப்பும் வரும். இப்போது நீண்டது மட்டும்தான் வருகிறது. ஈ.எஸ்.சி. பழுதாகிவிட்டதா?

தென்றல்வழி எழுதியது:

த்ராட்டில் எல்லையை, அதாவது குச்சியின் அடியும் உச்சியும் எவை என்பதை, ஈ.எஸ்.சி.க்கு மறுபடி கற்றுக்கொடுத்துப் பாருங்கள். குச்சி அடியில் இருந்தும் ஈ.எஸ்.சி. அதைச் சுழியமாக ஏற்கவில்லை என்றால் பிரேக் பிடிக்காது. மோட்டார் சுருள்களுக்கு மின்சாரத்தை எவ்வளவு முன்னதாகத் தருவது என்ற டைமிங் அமைப்பையும் பாருங்கள். பல துருவங்கள் கொண்ட, வெளிக்கூடு சுற்றும் அவுட்ரன்னர் மோட்டாருக்குக் குறைந்த டைமிங் ஒத்துவராமல் போகலாம்.

மூன்றுகம்பி எழுதியது:

மெல்லிறகு, உங்கள் ஈ.எஸ்.சி. பழுதாகவில்லை. தொடர்புள்ளதா என்று தயங்கி நீங்கள் கடைசியில் எழுதிய வரியில்தான் விடை இருக்கிறது.

அந்தக் குறும் பீப்கள் லிப்போ செல்களின் எண்ணிக்கை. மூன்று செல் என்றால் மூன்று பீப். அவை நின்றுபோயின என்றால், ஈ.எஸ்.சி. இப்போது செல்களை எண்ணவில்லை. லிப்போ இணைந்திருக்கிறது என்றே அது நினைக்கவில்லை. நீங்கள் அதை நிக்கல் பேட்டரிக்கு மாற்றிவிட்டீர்கள்.

நடந்தது இதுதான். ஒற்றை பீப் பிரேக்குக்கு, இரட்டை பீப் பேட்டரி வகைக்கு. நீங்கள் குச்சியை இறக்கும் நேரத்தில் முதல் பகுதி முடிந்து இரண்டாவது தொடங்கிவிட்டது. ஆகவே பேட்டரி வகைக்குள் நுழைந்தீர்கள். அங்கே முதல் மதிப்பு லிப்போ, இரண்டாவது நிக்கல். பிரேக் என்று நம்பி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தீர்கள். பிரேக்கை யாரும் தொடவே இல்லை, அது அணைந்தபடியே இருக்கிறது. நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் ஒரே தவறிலிருந்து வந்தவை.

இனி அந்த 8.7 வோல்ட். லிப்போ என்று அமைத்திருந்தால் ஈ.எஸ்.சி. செல்களை எண்ணி, ஒரு செல்லுக்கு 3 வோல்ட்டை ஒட்டிய ஓர் அளவில் வலுவைக் குறைக்கும். நிக்கல் பேட்டரியில் அப்படி எண்ணுவது கடினம் என்பதால், இணைக்கும்போது இருந்த மின்னழுத்தத்தில் ஒரு விழுக்காட்டை எல்லையாக வைத்துக்கொள்கிறது. என் ஈ.எஸ்.சி.யில் நடு அளவு 50 விழுக்காடு. முழுதாக ஏற்றிய உங்கள் பேட்டரி 12.6 வோல்ட். அதில் பாதி 6.3. ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட்! அதுவரை அது உங்களைத் தடுக்காது. எட்டாவது ஏற்றத்தில் பேட்டரி நன்றாக நிற்கவில்லை, காவலாளி இல்லாமல் செத்துக்கொண்டிருந்தது.

ரேடியோ கட்டளையை வாங்கும் ரிசீவரும், சுக்கான்களை அசைக்கும் சர்வோக்களும், அதே ஈ.எஸ்.சி.க்குள் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் பி.இ.சி.யிலிருந்துதான் 5 வோல்ட் பெறுகின்றன. பேட்டரி 6 வோல்ட்டை நெருங்கியிருந்தால் அந்த 5 வோல்ட்டும் தள்ளாடியிருக்கும்; கட்டுப்பாடே போயிருக்கலாம். அதற்கு முன்பே இறக்கினீர்கள் என்பதில் எனக்கு உண்மையாகவே நிம்மதி.

தென்றல்வழி, எல்லையைக் கற்றுக்கொடுப்பது நல்ல யோசனைதான். டைமிங்கை மட்டும் இப்போது தொட வேண்டாம். எட்டாவது ஏற்றத்திலும் மோட்டார் இழுத்தது என்று அவரே சொல்கிறார். டைமிங்கைக் கூட்டினால் சுழற்சி கொஞ்சம் கூடும், சூடும் மின்னோட்டமும் சேர்ந்தே கூடும். பிரேக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மெல்லிறகு எழுதியது:

படித்ததும் போய்த் துண்டுத்தாளை எடுத்துப் பார்த்தேன். பேட்டரி வகையில் இரண்டாவது மதிப்பு நிக்கல் என்றுதான் இருக்கிறது. மறுபடி தவறாமல் மாற்றுவது எப்படி? அந்த ஒலிகள் வேகமாக ஓடுகின்றன.

மூன்றுகம்பி எழுதியது:

முதலில் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். குச்சி உச்சியில் இருக்கும்போது பேட்டரியை இணைக்கப் போகிறீர்கள். இதில் சமரசமே கிடையாது.

பிறகு பேட்டரி வகையைத் தேடித் திருத்த வேண்டாம். இன்னும் எதை மாற்றிவிட்டீர்கள் என்று உங்களுக்கே உறுதியில்லாதபோது, எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுபோவதுதான் நல்லது. பல ஈ.எஸ்.சி.களில் அது ஏழாவது பகுதி. நீண்ட பீப் ஒன்று ஐந்து குறும் பீப்களுக்குச் சமம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் எண்ணுவது எளிது: ஒரு நீளம், இரண்டு குறில் என்றால் ஏழு. உங்கள் தாளிலும் அதே எண்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பகுதியின் ஒலியும் சில முறை திரும்ப வரும். ஒரு முழுச் சுற்றைக் குச்சியை அசைக்காமல் கேளுங்கள். தாளில் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். அடுத்த சுற்றில், உங்களுக்கு வேண்டிய ஒலி முதல்முறை வந்தவுடனேயே இறக்குங்கள், கடைசிமுறை வரை காத்திருக்காதீர்கள். நீங்கள் தவறியது அந்த இடத்தில்தான்.

தொடக்க நிலைக்கு வந்ததும் பேட்டரியைப் பிரித்து, குச்சியை அடியில் வைத்து மறுபடி இணையுங்கள். மூன்று குறும் பீப் கேட்க வேண்டும். கேட்டால்தான் அடுத்த வேலை: பிரேக்கை மட்டும் மாற்றுங்கள், உறுதிப்படுத்தும் இசை வந்ததும் இரண்டு நொடிக்குள் குச்சியை இறக்கி வெளியே வாருங்கள். மறுபடி பேட்டரியை இணைத்து அந்த மூன்றை எண்ணுங்கள். நான் ஒவ்வொரு முறை பறக்கவிடும் முன்பும் அதை வாய்விட்டு எண்ணுகிறேன்.

உப்பிய பேட்டரியை இனி விமானத்தில் வைக்காதீர்கள். 8.7 வோல்ட் என்றால் செல்லுக்கு 2.9, அதுவும் சுமை இல்லாமல். சார்ஜ் செய்து பார்க்கலாம் என்று தோன்றும், தயவுசெய்து வேண்டாம்.

மலைச்சரிவு எழுதியது:

மூன்றுகம்பி சொன்னது முழுக்கச் சரி. ஒன்றைச் சேர்க்கிறேன். ஈ.எஸ்.சி.யின் பிரேக் எதையும் அழுத்திப் பிடிப்பதில்லை. மோட்டாரின் கம்பிச் சுருள்களைத் தனக்குள் குறுக்கே இணைத்துவிடுகிறது. சுற்றும் மோட்டார் ஜெனரேட்டராகி, தன் சுழற்சியைத் தானே எதிர்க்கிறது. இலைகளை விரித்து வைப்பது சுழற்சிதான், அது நின்றதும் எதிர்க்காற்று அவற்றைப் பின்னால் மடக்கிவிடும்.

பிரேக்கில் வலுக் கூட்டிக் குறைக்க இடமிருந்தால் மென்மையானதிலிருந்து தொடங்குங்கள். முழு வேகத்தில் சுற்றும் இலைகளைச் சட்டென்று நிறுத்தினால், மடங்கும் இணைப்பிலும் மோட்டார் தண்டிலும் அடி விழும். ப்ரோகிராம் கார்டு ஒன்று கட்டாயம் வாங்குங்கள், ஆனால் உங்கள் ஈ.எஸ்.சி.க்கு உரியதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லா அமைப்பும் ஒரே பார்வையில் விளக்காகத் தெரியும், காதை நம்ப வேண்டியதில்லை.

மின்னழுத்த எல்லையைப் பறக்கும் நேரக் கணக்காக வைக்காதீர்கள். மோட்டார் ஓடும் நேரத்துக்கு ட்ரான்ஸ்மிட்டரில் டைமர் வைத்து, 2200இல் சுமார் 1760 எம்.ஏ.எச். செலவானதும் இறக்கிவிடுங்கள்.

மெல்லிறகு எழுதியது:

செய்து முடித்தேன். முதல் சுற்றைச் சும்மா கேட்டேன், இரண்டாவது சுற்றில் ஏழு. பேட்டரியை மறுபடி இணைத்தபோது மூன்று பீப்கள் வந்தன. அந்த ஒலிக்காக இவ்வளவு மகிழ்வேன் என்று நினைத்ததில்லை. பிறகு பிரேக், பிறகு த்ராட்டில் எல்லை, ஒவ்வொன்றுக்கும் பின் மூன்று.

இன்று மாலை வேறு பேட்டரியோடு பறக்கவிட்டேன். குச்சியை இறக்கிய ஒரு நொடியில் இலைகள் உடலோடு படிந்தன. டைமர் ஒலித்ததும் இறக்கினேன், 11.2 வோல்ட் இருந்தது. உப்பிய பேட்டரியைத் தனியாக ஒரு மண்சட்டியில் வைத்திருக்கிறேன், நாளை பழைய பேட்டரிகளைச் சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்துவிடுவேன்.