சிகாகோவிலிருந்து இரண்டு நாள் கார்ப் பயணம்: அக்டோபரில் எந்தத் திசையில் போகலாம்?

ஷாம்பர்க் வாசி:

நண்பர்களுக்கு வணக்கம். சிகாகோவின் வடமேற்குப் புறநகரான ஷாம்பர்க்கில் வசிக்கிறோம். நானும் மனைவியும் ஆறு வயது மகளும், ஊரிலிருந்து வந்திருக்கும் என் தாயாரும், அக்டோபர் மூன்றாவது வார இறுதியில் சனிக்கிழமை காலை புறப்பட்டு ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்பும்படி ஒரு பயணம் போக விரும்புகிறோம். மரங்கள் நிறம் மாறுவதை அம்மா பார்க்க வேண்டும் என்பதே முதல் நோக்கம். அவருக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார், ஆனால் படி ஏற முடியாது. ஆகவே இறங்கி ஏறிப் பார்க்கும் இடங்களைவிட, காரில் அமர்ந்தபடியே பார்த்துக்கொண்டு போகத்தக்க சாலையாக அமைந்தால் நல்லது.

இங்கு வந்ததிலிருந்து நாங்கள் போன சாலைகளில் எல்லாம் இருபுறமும் மக்காச்சோளமும் சோயாவும்தான் தெரிந்தன. அலுவலகத்தில் கேட்டால் ஒருவர் ஸ்டார்வ்ட் ராக் என்கிறார், ஒருவர் டோர் கவுண்டி என்கிறார், மற்றொருவர் மிச்சிகனைத் தவிர வேறெங்கும் போகாதீர்கள் என்கிறார். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட எனக்கு விருப்பமில்லை. இந்த வரம்புக்குள் எது பொருந்தும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ராக்ஃபோர்டுக்காரர்:

உங்கள் நிபந்தனைகளை வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரே விடைதான் தோன்றுகிறது: இல்லினாய் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டியிருக்கும் கலீனா. ஷாம்பர்க்கிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். ராக்ஃபோர்டு வரை ஐ-90 நெடுஞ்சாலை, அதன் பிறகு யு.எஸ். 20 சாலை.

நீங்கள் பார்த்த அந்தத் தட்டையான நிலம் பனிப்படலங்களின் கைவேலை. கடந்த பனியுகங்களில் இந்தப் பிரதேசத்தின் மீது நகர்ந்த பனி, மேடுகளைச் சிதைத்து, பள்ளங்களை மண்ணால் நிரப்பி, தோசைக்கல்லைப் போல் ஆக்கிவிட்டுப் போனது. ஆனால் கலீனாவைச் சுற்றிய பகுதியும், அதை அடுத்த விஸ்கான்சின், அயோவா, மினசோட்டா மாநிலங்களின் சில பகுதிகளும் அந்தப் பனியின் பிடியில் சிக்காமல் தப்பிவிட்டன. அதனால்தான் ஃப்ரீபோர்ட் தாண்டும் வரை சமதளமாக வரும் யு.எஸ். 20 சாலை, ஸ்டாக்டன் என்ற சிற்றூரைக் கடந்ததும் குணம் மாறுகிறது. எலிசபெத் என்ற ஊரிலிருந்து கலீனா வரை நீண்ட மேட்டு முகடுகளின் மீதே சாலை ஓடுகிறது. இருபுறமும் பள்ளத்தாக்குகள் இறங்க, அவற்றின் சரிவுகளில் ஓக் மரங்களும் மேப்பிள் மரங்களும் கலந்து நிற்கும். உங்கள் தாயார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாலே போதும்.

கலீனா ஒரு காலத்தில் ஈயச் சுரங்க ஊர். 1840-களில் மிசிசிப்பி நீராவிப் படகுகள் கலீனா ஆறு வழியாக ஊருக்குள்ளேயே வந்து சரக்கு ஏற்றின. பிறகு சுரங்கத் தொழில் நலிந்தது, ஆறும் தூர்ந்தது, வளர்ச்சி நின்றுபோனது. இடித்துக் கட்டப் பணம் இல்லாததால் பழைய செங்கல் கட்டடங்கள் அப்படியே தங்கிவிட்டன. இன்று சுற்றுலாவை நடத்துவது அந்த வறுமைதான் என்று நான் சொல்வதுண்டு. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான யுலிஸஸ் கிராண்ட் 1860-இல் இந்த ஊருக்கு வந்து, தந்தையின் தோல் கடையில் வேலை பார்த்தார். அடுத்த ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. 1865-இல் வெற்றி பெற்ற படைத்தலைவராக அவர் திரும்பியபோது ஊர்ப் பெரியவர்கள் அவருக்கு ஒரு வீட்டையே பரிசளித்தார்கள். அந்த வீடு இன்றும் காட்சிக்கு இருக்கிறது. கடைவீதியான மெயின் தெரு பெரும்பாலும் சமதளம் என்பதால் அம்மா நடக்கலாம். அதற்கு மேலே உள்ள தெருக்களுக்குப் போகும் நீண்ட படிக்கட்டுகளை மட்டும் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள்.

பிற்பகலில் நேரம் இருந்தால் அரை மணி நேரத்துக்குள் அயோவாவில் உள்ள டுபியூக் நகருக்குப் போகலாம். செங்குத்தான சரிவில் கயிற்றால் இழுக்கப்படும் ஃபெனலன் பிளேஸ் என்ற சிறிய ரயில்பெட்டி அங்கே இருக்கிறது. 296 அடி நீளப் பாதையில் 189 அடி உயரம் ஏறும். மேலே போய் நின்றால் மிசிசிப்பியும் மூன்று மாநிலங்களும் தெரியும். மகளுக்கு இதைவிடப் பிடித்தது அந்தப் பயணத்தில் வேறு எதுவும் இருக்காது.

ஏரிப்பித்தன்:

ராக்ஃபோர்டு நண்பர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் இலைகளின் நிறம்தான் முதல் நோக்கம் என்றால் கலீனா இரண்டாம் இடம்தான். அங்கே ஓக் மரங்கள் அதிகம், அவை பழுப்பும் மங்கிய செம்பும்தான் தரும். தீப்பிடித்தது போன்ற சிவப்பு வேண்டுமானால் சர்க்கரை மேப்பிள் மரங்கள் அடர்ந்த விஸ்கான்சினின் டோர் கவுண்டிக்குப் போக வேண்டும்.

கிரீன் பே விரிகுடாவுக்கும் மிச்சிகன் ஏரிக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தீபகற்பம் அது. நயாகரா நீர்வீழ்ச்சி எந்தப் பாறை முகட்டிலிருந்து விழுகிறதோ, அதே முகடு பேரேரிகளைச் சுற்றி வளைந்து வந்து இந்தத் தீபகற்பத்தின் முதுகெலும்பாக நிற்கிறது. மேற்குக் கரையில் 42-ஆம் எண் சாலை எக் ஹார்பர், ஃபிஷ் க்ரீக், எஃப்ரெய்ம், சிஸ்டர் பே என்று ஒவ்வொரு துறைமுகக் கிராமமாகத் தொட்டுக்கொண்டு போகும். வடமுனையில் அந்தச் சாலை மேப்பிள் காட்டுக்குள் புகுந்து, நேராகப் போக இடமிருந்தும் பாம்பு நெளிவதுபோல் வளைந்து வளைந்து சென்று, வாஷிங்டன் தீவுக்குப் படகு புறப்படும் துறையில் முடிகிறது. விஸ்கான்சினில் மிகுதியாகப் படம் பிடிக்கப்படும் சாலைத்துண்டுகளில் அது ஒன்று.

முழங்கால் வலியைக் குறிப்பிட்டிருந்தீர்கள். பெனின்சுலா மாநிலப் பூங்காவில் ஈகிள் டவர் என்ற காட்சிக் கோபுரம் 2021-இல் புதிதாகத் திறக்கப்பட்டது. 60 அடி உயரமுள்ள அதன் உச்சி வரை, மரங்களின் தலைகளுக்கு இடையே மென்சரிவாக ஏறும் 850 அடி நீளப் பாதை இருக்கிறது. சக்கர நாற்காலியிலும் போகலாம். படி ஏற முடியாதவர் காட்டை மேலிருந்து பார்ப்பதற்கு இப்பகுதியில் இதற்கு நிகரான இடம் எனக்குத் தெரியாது. மறுகரையில் கேவ் பாயின்ட் என்ற இடத்தில் ஏரியின் அலைகள் பாறையைக் குடைந்து குகைகளாக்கியிருக்கின்றன. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடைதான், ஆனால் தரை வேரும் கல்லுமாக இருக்கும், கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.

ராக்ஃபோர்டுக்காரர்:

இடத்தின் அழகில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை, கணக்கில்தான் இருக்கிறது. டோர் கவுண்டியின் தென்பகுதியில் உள்ள ஸ்டர்ஜன் பே நகருக்குப் போய்ச் சேரவே ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கிருந்து நீங்கள் சொல்லும் வளைவுச் சாலைக்கு இன்னும் ஒரு மணி நேரம். கேட்டவரின் வரம்பு முதல் நாளே தாண்டிவிடுகிறது. அக்டோபர் வார இறுதிகளில் அங்கே பல விடுதிகள் இரண்டு இரவுகளுக்குக் குறைந்து அறை தருவதில்லை, அவரோ ஒரே இரவு தங்கப் போகிறார். மேலும், வடக்கே போகப் போக நிறம் முன்னதாக வந்து முன்னதாகவே உதிர்ந்துவிடும். மூன்றாவது வாரத்தில் டோர் கவுண்டி உச்சத்தைக் கடந்திருக்க வாய்ப்புண்டு, கலீனா அப்போதுதான் உச்சத்தை நெருங்கும். ஆண்டுக்கு ஆண்டு மழையையும் குளிரையும் பொறுத்து ஒரு வாரம் முன்பின் ஆகலாம். எனவே இரு மாநிலங்களின் சுற்றுலாத் துறைகளும் வெளியிடும் வாராந்திர இலை நிற அறிக்கையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஏரிப்பித்தன்:

விடுதிக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். மூன்று நாள் கிடைக்கும்போது டோர் கவுண்டிக்குப் போகட்டும்.

அரோரா அன்பர்:

ஸ்டார்வ்ட் ராக் மாநிலப் பூங்கா பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். சிகாகோவிலிருந்து ஒன்றரை மணி நேரத்திலும் ஐ-80 சாலைக்கு அருகிலும் இருப்பதால் எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். மணற்கல்லை ஓடைகள் அறுத்து உண்டாக்கிய 18 பள்ளத்தாக்குகள் அங்கே உள்ளன, அழகிலும் குறைவில்லை. ஆனால் உங்கள் பயணத்துக்கு அது ஏற்றதல்ல. பாறை உச்சிக்கும் பள்ளத்தாக்குகளுக்கும் மரப்படிகள் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். அருகிலுள்ள மத்தீசன் பூங்காவிலும் இதே நிலைதான். அருவிகள் பனி உருகும் காலத்திலும் பெருமழைக்குப் பிறகும்தான் ஓடும், அக்டோபரில் பெரும்பாலும் ஈரக்கோடுதான் எஞ்சியிருக்கும். அதோடு, இலையுதிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் முற்பகலிலேயே வண்டி நிறுத்துமிடங்கள் நிறைந்துவிடும். இளைஞர்களோடு ஏப்ரலில் போக வேண்டிய இடம் அது. அப்போது அரோரா பாலாஜி கோயிலில் தரிசனத்தையும் கீழ்த்தளத்துச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு, ஆஸ்வீகோவிலிருந்து தொடங்கும் 71-ஆம் எண் சாலையில் யார்க்வில், ஒட்டாவா வழியாகப் போனால் நெடுஞ்சாலையைத் தொடாமலே பூங்காவை அடையலாம்.

அம்மாவோடு அரை நாள் மட்டும் கிடைக்கும் வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்கு இண்டியானா மணல்மேடுகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2019-இல்தான் அது தேசியப் பூங்காவானது. தாவரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு நிலத்தைக் குடியேறிப் பிடிக்கும் முறையைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹென்றி கௌல்ஸ் ஆராய்ந்து 1899-இல் எழுதியது இந்த மணல்மேடுகளை வைத்துத்தான். பெவர்லி ஷோர்ஸ் பகுதியில் ஏரியை ஒட்டிப் போகும் சிறு சாலையில், 1933-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டு, பிறகு பெரும்பாலும் ஏரி வழியே படகில் கொண்டுவரப்பட்ட வீடுகள் ஐந்து நிற்கின்றன. வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து ஏரிக்கு அப்பால் சிகாகோவின் கோபுரங்கள் தெரியும். தேசியப் பூங்காவும் அதற்குள் இருக்கும் மாநிலப் பூங்காவும் வெவ்வேறு நிர்வாகங்கள், வெவ்வேறு கட்டணங்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒன்றின் சீட்டு மற்றொன்றில் செல்லாது.

மிச்சிகன் சொன்ன நண்பருடைய மனத்தில் இருந்தது பெரும்பாலும் எம்-22 சாலையும் ஸ்லீப்பிங் பேர் மணல்மேடுகளுமாக இருக்கும். அது நகரிலிருந்து ஐந்தரை மணி நேரத்துக்கு மேல். நேர மண்டல எல்லை தாண்டியதும் கடிகாரம் வேறு ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்ளும். இரண்டு நாளில் ஆகாது.

ஷாம்பர்க் வாசி:

அனைவருக்கும் மிக்க நன்றி. கலீனா என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. போன வழியிலேயே திரும்பாமல் வேறு அழகான சாலையில் வர இயலுமா? அம்மா வெளியில் முட்டைகூடச் சாப்பிட மாட்டார், அங்கே உணவுக்கு என்ன செய்யலாம்?

ராக்ஃபோர்டுக்காரர்:

திரும்பும் வழிதான் என் கணக்கில் பயணத்தின் சிறந்த பகுதி. ஞாயிறு காலை கலீனாவிலிருந்து தெற்கே 84-ஆம் எண் சாலையைப் பிடியுங்கள். ஹானோவர் வழியாக முக்கால் மணி நேரத்தில் சவானா என்ற ஊருக்கு வரும். அதற்குச் சற்று முன்பே மிசிசிப்பி பாலிசேட்ஸ் மாநிலப் பூங்கா வந்துவிடும். பூங்காவுக்குள் மலைமேல் காரிலேயே போக முடியும். நிறுத்திவிட்டுச் சில நிமிடங்கள் நடந்தால், தீவுகளும் உப்பங்கழிகளுமாகப் பிரிந்து கிடக்கும் மிசிசிப்பி கீழே விரியும். இல்லினாய் மாநிலப் பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது.

சவானாவிலிருந்து 64-ஆம் எண் சாலை கிழக்கே போகிறது. சிகாகோவுக்குள் நுழைந்ததும் நார்த் அவென்யூ ஆகிவிடும் அதே சாலைதான். அதில் ஒரு மணி நேரத்தில் ராக் ஆற்றங்கரையில் உள்ள ஆரிகன் என்ற சிற்றூர். ஊரை அடுத்து ஆற்றுக்கு எதிர்க்கரைக் குன்றின்மேல், சிற்பி லொராடோ டாஃப்ட் கான்கிரீட்டில் வார்த்து 1911-இல் திறக்கப்பட்ட 48 அடி உயரச் செவ்விந்தியர் சிலை கைகட்டி நிற்கிறது. 1832-இல் தம் மக்களின் நிலத்துக்காகப் போரிட்ட பழங்குடித் தலைவர் பிளாக் ஹாக் பெயரால்தான் எல்லோரும் அதை அழைப்பார்கள். நீங்கள் முதல் நாள் கடந்து போகும் எலிசபெத்தில் அவருடைய படையினர் தாக்கிய கோட்டை மீண்டும் கட்டப்பட்டு நிற்பதால், மகளுக்குக் கதை சொல்ல இரண்டு நாளுக்கும் விஷயம் இருக்கும். நேரம் மிச்சமிருந்தால் ஆற்றை ஒட்டி 2-ஆம் எண் சாலையில் தெற்கே கிராண்ட் டிடூர் வரை போய் வாருங்கள். ஜான் டியர் 1837-இல் எஃகு முகக் கலப்பையைச் செய்த பட்டறை அங்கேதான் இருந்தது. உங்களைச் சலிப்படைய வைத்த அந்த மக்காச்சோள வயல்கள் பிறந்ததில் அந்தக் கலப்பைக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆரிகனிலிருந்து வீட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அந்த வாரத்தில் மாலை ஆறு மணிக்குச் சற்றுப் பிறகு பொழுது சாய்ந்துவிடும். அக்டோபர், நவம்பர் மாதங்கள் மான்கள் இணை தேடித் திரியும் காலம், அந்தி நேரத்தில் சாலையைக் கடக்கும். ஒன்று கடந்துவிட்டால் அதன் பின்னால் இன்னொன்று வரும் என்றே எண்ணி வேகத்தைக் குறையுங்கள். இருவழிச் சாலைகளை வெளிச்சத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

உணவுக்குக் கலீனாவில் பீட்சாவும் சாலடும் கிடைக்கும், உங்கள் தாயாருக்கு அவை போதாது. புளியோதரையும் சப்பாத்தியும் கட்டிக்கொள்ளுங்கள், தயிருக்கு ஒரு ஐஸ் பெட்டி வையுங்கள். முன்பதிவு செய்யும்போது குளிர்பெட்டியும் மைக்ரோவேவும் உள்ள அறையாகவும், தரைத்தளத்தில் இருப்பதாகவும் கேட்டு வாங்குங்கள். ஊருக்குள் உள்ள பழைய கட்டட விடுதிகள் பலவற்றில் மின்தூக்கி இருக்காது, ஊருக்கு வெளியே யு.எஸ். 20 சாலையை ஒட்டியுள்ள விடுதிகள் உங்களுக்கு வசதி. இப்போதே பதிவு செய்துவிடுங்கள், அக்டோபர் சனிக்கிழமைகள் அங்கே முதலில் தீர்ந்துவிடும்.