தோள்பட்டை இயக்கத் திரிபு: 'கோளாறு' வேண்டாம் என்பதற்கான காரணங்கள்

வணக்கம்.

தலைக்கு மேல் கையை ஓங்கி ஆடும் வீரர்களிடம் தோள்பட்டை எலும்பின் (மேல்முதுகில் விலாக்களின்மேல் படிந்திருக்கும் தட்டை எலும்பு; இனி வெறும் 'தோள்பட்டை') அசைவு இயல்பிலிருந்து மாறிப்போவதை மருத்துவர்கள் 'ஸ்கேப்புலர் டிஸ்கைனசிஸ்' என்கிறார்கள். இதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக 'தோள்பட்டை இயக்கக் கோளாறு', 'தோள்பட்டைப் பிறழியக்கம்', 'சிறகுத் தோள்பட்டை' என்று மூன்று முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. இயன்முறை மருத்துவத்தில் இருப்பவன் என்ற முறையில், முதல் சொல் வழக்கில் ஏறுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மற்ற இரண்டிலும் எனக்குத் தயக்கம் உண்டு. காரணங்களை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், நாம் பெயர் வைக்கப்போகும் பொருளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம். ஒரு கைப்பந்து வீரர் சட்டையில்லாமல் முதுகைக் காட்டி நிற்கிறார். உடல் எடைக்குத் தக்கபடி ஒவ்வொரு கையிலும் 1.4 அல்லது 2.3 கிலோ எடை. கைகளை முன்புறமாக ஐந்து முறை, பக்கவாட்டில் ஐந்து முறை உயர்த்தி இறக்கச் சொல்கிறோம். ஏறும்போது பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் கதை வெளிப்படும். ஓரிடத்தில் தோள்பட்டையின் கீழ்முனை விலா எலும்புகளை விட்டுத் துருத்திக்கொண்டு எழும். அதன் மேலுள்ள தோல் இழுபட்டு நிழல் விழும். சட்டென்று எலும்பு மீண்டும் உள்ளே படியும். முதல் முறை ஐயமாகத் தெரிந்தது ஐந்தாம் முறை தசை களைக்கையில் தெளிவாகத் தெரியும். 'வலிக்கிறதா?' என்று கேட்டால் இல்லை என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே வலி இல்லை.

'கோளாறு' அடிபட்டுப்போகும் இடம் இதுதான். 2016இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, கையை ஓங்கி ஆடும் விளையாட்டு வீரர்களில் 61 சதவீதம் பேரிடமும் மற்ற விளையாட்டு வீரர்களில் 33 சதவீதம் பேரிடமும் இந்த அசைவு மாற்றம் காணப்பட்டது. பத்தில் ஆறு பேரிடம் இருப்பதைக் கோளாறு என்று எழுதிக் கொடுத்தால், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் தோள் கெட்டுவிட்டது என்றே நம்புவாள். பயிற்சியாளர் அவளை உட்கார வைத்துவிடுவார். 2013இல் இத்துறை வல்லுநர்கள் கூடி வெளியிட்ட ஒருமித்த அறிக்கையே இது தன்னளவில் ஒரு காயமும் அல்ல, நோயறிதலும் அல்ல என்று சொல்கிறது. இந்த அசைவு மாற்றம் உள்ள வலியற்ற வீரர்களுக்குப் பிற்காலத்தில் வலி வரும் வாய்ப்பு 43 சதவீதம் கூடுதல் என்று 2018இல் ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது உண்மை. ஆனால் அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் சில அதை உறுதிப்படுத்தவில்லை. ஆக இது கவனிக்க வேண்டிய ஓர் அறிகுறி, அவ்வளவுதான். ஆங்கிலத்திலும் 'டிஸ்கைனசியா' என்றால் நரம்பு நோய்களில் வரும் கட்டுப்பாடற்ற அசைவு என்று பொருள்படும் என்பதால், அதைத் தவிர்த்து 'டிஸ்கைனசிஸ்' என்றே எழுத வேண்டும் என்று இத்துறையினர் வலியுறுத்துகிறார்கள். அவர்கள் காட்டும் அந்தக் கவனத்தை நாமும் காட்டுவது முறை.

'சிறகுத் தோள்பட்டை' அழகான சொல்தான். அதை இதற்குச் செலவழிக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். கழுத்துத் தண்டுவடத்தின் ஐந்து, ஆறு, ஏழாம் வேர்களிலிருந்து கிளம்பும் நெடுமார்பு நரம்பு செயலிழந்தால், தோள்பட்டையின் உள்விளிம்பு முழுவதும் சிறகு விரித்ததுபோல் பின்னால் எழுந்து நிற்கும். சுவரில் உள்ளங்கையை ஊன்றித் தள்ளச் சொன்னால் இன்னும் பளிச்சென்று தெரியும். அது நரம்பு மருத்துவரிடம் அனுப்பவேண்டிய நிலை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், பயப்பட வேண்டாதவர் பயப்படுவார்; விரைந்து போகவேண்டியவர் சாவகாசமாக இருந்துவிடுவார்.

'பிறழியக்கம்' வினைத்தொகையாக, கச்சிதமாக அமைந்திருக்கிறது. இருந்தாலும் தோள் என்றவுடன் 'பிறழ்' என்றால் மூட்டு இடம்பெயர்ந்துவிட்டது என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். தோள் மூட்டு விலகுவது விளையாட்டில் அடிக்கடி நேர்வது; குழப்பத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. இன்னொன்று, பிறழ்வதற்கு ஒரே ஒரு நேர்வழி இருக்க வேண்டும். நெறி பிறழ்ந்தான், வாய்மை பிறழ்ந்தான் என்கிறோம். தோள்பட்டைக்கு அப்படி ஒரே நெறி கிடையாது. கை முழுதாக மேலே போகும் 180 பாகையில் ஏறத்தாழ 120 தோள் மூட்டிலும் 60 தோள்பட்டையிலும் நிகழ்கின்றன என்ற இரண்டுக்கு ஒன்று கணக்கு 1944 முதல் பாடநூல்களில் இருக்கிறது. அது சராசரி மட்டுமே. ஆளுக்கு ஆள், சுமைக்குச் சுமை, உயரத்துக்கு உயரம் அந்த விகிதம் மாறுகிறது. பந்தை எறிபவர்களின் எறியும் கைப்பக்கத் தோள்பட்டை, கையை உயர்த்தும்போது மற்றவர்களைவிடக் கூடுதலாக மேல்நோக்கிச் சுழல்வதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. பல ஆண்டுப் பயிற்சிக்கு உடல் காட்டிய இணக்கம் அது. அதைப் பிறழ்வு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

என் முன்மொழிவு: தோள்பட்டை இயக்கத் திரிபு.

நன்னூல் விகாரங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாகப் பிரிக்கிறது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது னகரம் றகரமாகத் திரிகிறது. அடுத்து வந்து நிற்கும் எழுத்தால் நேரும் மாற்றம் அது. அதில் பிழை ஏதுமில்லை. கெடுதல் என்பதற்குத் தனிப்பெயர் இருக்கிறது. தோள்பட்டையின் கதையும் இதுவே. கழுத்தடியில் குறுக்காக இருக்கும் காரை எலும்பு வழியாக மட்டுமே அது உடலின் நடு எலும்புக்கூட்டோடு மூட்டாக இணைந்திருக்கிறது; மற்றபடி தசைகள்தாம் அதை ஏந்தி நிற்கின்றன. ஆகவே பக்கத்தில் எது மாறினாலும் அதன் அசைவும் மாறும். மூன்றாம் விலா முதல் ஐந்தாம் விலா வரை தொடங்கும் சிறு மார்புத் தசை இறுகினால் தோள்பட்டை முன்பக்கம் கவிழும். தோள் மூட்டின் பின்னுறை விறைத்தால், கையைக் குறுக்கே கொண்டுவரும்போது தோள்பட்டையும் கூடவே இழுபடும். முதுகு கூனினாலும், காரை எலும்பு முறிந்து குறுகிக் கூடினாலும் இதே விளைவுதான். காரணத்தைப் பக்கத்தில் தேடு என்று அந்தச் சொல்லே நினைவூட்டுகிறது.

வினைவடிவமும் எளிதாகக் கிடைக்கிறது: 'இடத் தோள்பட்டை இறங்கும்போது திரிந்து இயங்குகிறது' என்று குறிப்பெழுதலாம். 'கோளாறு' கொண்டு இப்படி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், வராது.

எதிர்ப்புகள் வரும் என்று தெரியும். இயற்பியல் பாடநூலில் தகைவு (ஸ்ட்ரெஸ்), திரிபு (ஸ்ட்ரெயின்) என்ற இணையில் திரிபு வேறு பொருளில் நிற்கிறது. அது பொருள்களின் வடிவ மாற்றத்துக்கானது. முன்னால் 'இயக்க' என்று வந்தபின் மயக்கம் எழாது. ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெயின்' எனப்படும் தசைநார்க் காயங்களுக்கு மட்டும் இச்சொல்லைப் பயன்படுத்தாமல் காத்துக்கொள்ள வேண்டும். பால் திரிந்துவிட்டது என்கிறோமே என்பது இதைவிட வலுவான எதிர்ப்பு. திரிபு என்ற பெயர்ச்சொல்லில் அந்த வாடை அவ்வளவாக இல்லை என்பதே என் காது சொல்வது. உங்கள் காதுகளுக்கு வேறுமாதிரி கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தில் 'ஓவர்ஹெட்' எனப்படும், கையை ஓங்கி ஆடும் விளையாட்டுகளுக்கு: 'தலைமேல் விளையாட்டு' என்பது வேண்டவே வேண்டாம். 'கையோங்கு விளையாட்டுகள்' போதும். டென்னிஸ், கைப்பந்து, பேஸ்பால், ஈட்டி எறிதல் எல்லாம் இதில் அடங்கும். நீச்சலை மட்டும் கொஞ்சம் இழுத்துத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.

தசைப்பெயர்களில் ஒன்றே ஒன்றை மாற்றக் கோருகிறேன். கழுத்திலிருந்து முதுகு வரை பரவும் டிரபீசியஸ் 'சரிவகத் தசை'யாகவே இருக்கட்டும். சரிவகம் பள்ளிக் கணக்கிலேயே அறிமுகமான வடிவம். அதன் மேலிழைகள் முந்திக்கொண்டு கீழிழைகள் பிந்துவது இந்தத் திரிபில் நாம் அடிக்கடி எழுதவேண்டிய செய்தி, அதற்கு இந்தப் பெயர் நன்றாக இடம்கொடுக்கிறது. சிக்கல் செரேட்டஸ் ஆன்டீரியரில். 'முன் ரம்பத் தசை' என்று வாய்விட்டுச் சொன்னால் எதிரில் இருப்பவர் காதில் 'நரம்பு' என்று விழுகிறது. தசையைப் பற்றிப் பேசும்போது நரம்புப் பிரச்சினை என்று எண்ணிக் கலங்குகிறார்கள். மேல் எட்டு, ஒன்பது விலாக்களில் தனித்தனிப் பற்களாகத் தொடங்கித் தோள்பட்டையின் உள்விளிம்பைப் பற்றும் தசை இது. தோள்பட்டையை விலாவோடு அழுத்திப் பிடிப்பதும், கை உயரும்போது அதன் கீழ்முனையை வெளிப்பக்கமாகச் சுழற்றுவதும் இதன் முதன்மைப் பணிகள். மரம் அறுக்கும் கருவிக்கு வாள் என்ற பெயர் தமிழில் இருக்கும்போது ரம்பம் எதற்கு? 'முன் வாட்பல் தசை' என்கிறேன். தண்டாலின் மேல்நிலையில் முழங்கையை மடக்காமல் தோள்பட்டைகளை இன்னும் முன்னால் தள்ளும் பயிற்சிக்கு 'வாட்பல் தள்ளல்' என்ற பெயரும் இதிலிருந்தே கிடைத்துவிடும்.

முடிவு எட்டாத சொல் ஒன்று மிச்சமிருக்கிறது. தோள்பட்டையின் மேல்நோக்கிய சுழற்சியை 'மேற்சுழற்சி' என்றால், எந்த முனை மேலே போகிறது என்பது மாணவருக்குப் புரிவதில்லை. மேலே திரும்புவது, கை எலும்பு பொருந்தும் மூட்டுக்குழி. கீழ்முனை வெளிப்பக்கம் நகர்கிறது. 'குழி மேல்நோக்கல்' என்று எழுதலாமா? உடற்கூறு கற்பிக்கும் நண்பர்கள் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.