ஆப்லாங்னா என்ன வடிவம்? உங்களுக்கு இதுல ஏதாவது அனுபவம் இருக்கா?

கொய்யா இலை:
போன வாரம் நடந்தது, இன்னும் மனசுல கெடந்து உறுத்துது. பொண்ணு மூணாங்கிளாஸ். ஒர்க்‌ஷீட்ல ஆப்லாங் வரையச் சொல்லியிருந்தாங்க, அம்மா இது எப்படி இருக்கும்னு கேட்டா, நான் அடுப்புல வேலையா இருந்தேன், நீளமா போட்டு ரெண்டு முனையையும் உருட்டி விடுன்னு சொல்லிட்டேன். நான் பாட்டனி படிச்சவ, எங்களுக்கு ஆப்லாங்னா இலைதான், ரெண்டு ஓரமும் கிட்டத்தட்ட இணையா ஓடி முனை மழுங்கி இருக்கும், காலேஜ்ல கொய்யா இலைய ஷீட்ல ஒட்டி அப்படித்தான் எழுதினோம். மறுநாள் சிவப்பு மையில தப்பு போட்டு வந்துச்சு, பக்கத்துல மிஸ் ஒரு செவ்வகம் வரைஞ்சிருந்தாங்க. பொண்ணு ஒண்ணும் பேசல. ரப்பர் எடுத்து அழிச்சா, அழிச்சு அழிச்சு பேப்பரே கிழிஞ்சு போச்சு. நீதானம்மா சொன்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தாக்கூட பரவாயில்ல.

ராத்திரி ஷிப்ட்:
எனக்கு நேர் எதிரா நடந்துச்சு, நான் ஸ்கூல்ல படிச்சது ஆப்லாங்னா செவ்வகம். அப்பா ராத்திரி மாத்திரைய ரெண்டு தடவை போட்டுட்டாரோன்னு சந்தேகம், அக்கா அமெரிக்காவுல நர்ஸ், போன்ல "டேய், அந்த ஆப்லாங் மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கு பாரு"ன்னா. நான் டப்பா பூரா கொட்டி மூலை வச்ச மாத்திரைய தேடுறேன், ஒண்ணுகூட இல்ல, எல்லாத்தையும் முழுங்கிட்டாரு போலன்னு கை நடுங்குது. அவ சொன்னது கேப்ஸ்யூல் மாதிரி நீளமா ஓரம் உருண்டு இருக்கே, அந்த சுகர் மாத்திரைய. எண்ணிப் பாத்தா சரியாத்தான் இருந்துச்சு.

இதுக்காக எல்லாருக்கும் சொல்றேன், மாத்திரைய வடிவத்த வச்சு ஞாபகம் வச்சுக்காதீங்க. அட்டைய துண்டு துண்டா வெட்டி டப்பால போடாதீங்க, பேரும் எக்ஸ்பைரி தேதியும் வெட்டுன பக்கமே போயிடுது. பேரு, எத்தனை மில்லிகிராம், எந்த வேளைன்னு தமிழ்ல பெருசா எழுதி பீரோ கதவுல ஒட்டுங்க. கம்பெனி மாறுனா அதே மருந்து வேற வடிவத்துல, வேற கலர்ல வரும். அப்புறம் நீளமா இருக்கு, முழுங்க கஷ்டம்னு நீங்களா ஒடிச்சுக் குடுக்காதீங்க, மெதுவா கரையற மாதிரி செஞ்ச மாத்திரைய ஒடிச்சா மருந்து மொத்தமா ஒரே நேரத்துல இறங்கிடும், கடைக்காரர்கிட்டயோ டாக்டர்கிட்டயோ கேட்டுட்டுப் பண்ணுங்க.

புளியங்கொட்டை:
கொய்யா இலை மேடம், மிஸ் போட்டது சரிதான், கணக்குல அதுதான் அர்த்தம். பழைய கிரேக்க கணக்கு மேதை யூக்ளிட் எழுதின 'எலிமென்ட்ஸ்'ல முதல் புத்தகத்துலயே 22வது வரையறையில வருது, நாலு மூலையும் செங்கோணம், ஆனா நாலு பக்கமும் சமம் இல்லன்னா அது ஆப்லாங். செவ்வகம்னு சொன்னா இப்போ சதுரமும் அதுக்குள்ள வந்துடும், ஆப்லாங்ல வராது. பழைய ஆளுங்க நீள்சதுரம்னு சொல்றது இதைத்தான்.

டியூஷன்ல நான் புளியங்கொட்டைய அடுக்கித்தான் காட்டுவேன். 2, 6, 12, 20, 30 இதெல்லாம் ஆப்லாங் எண், 12ன்னா 3 வரிசை, வரிசைக்கு 4, ஒரு பக்கத்தவிட இன்னொரு பக்கம் ஒண்ணே ஒண்ணு கூட. ஒருநாள் ஒரு பையன் 16 கொட்டைய 2 வரிசையா எட்டெட்டு வச்சுட்டு இதுவும் நீளமாத்தானே சார் இருக்கு, இது ஏன் இல்லைன்னான். வடிவம் ஆப்லாங்தான், எண்ணு மட்டும் இல்லன்னு சொல்ல எனக்கு கொஞ்ச நேரம் ஆச்சு. அவன் மூஞ்சில திருப்தியே இல்ல, அது இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் இருக்கு.

முகுளம்:
மிஸ் சரி, அம்மா தப்புன்னு புளியங்கொட்டை சார் முடிச்சு வைக்கிறத என்னால ஒத்துக்க முடியல. பிளஸ் டூ பயாலஜியில மெடுல்லா ஆப்லாங்கேட்டான்னு படிச்சோமே, நம்ம முகுளம், மூளையில மூச்சையும் இதயத்துடிப்பையும் பாத்துக்கிற இடம், அதுல எங்க சார் நாலு செங்கோணம் இருக்கு? லத்தீன்ல அந்த வார்த்தைக்கு நீளவாக்குல இருக்கறதுன்னுதான் அர்த்தம். மூலை கூரா, மழுக்கமான்னு அந்த வார்த்தை சொல்லல, கணக்குக்காரங்க ஒண்ணு வச்சுக்கிட்டாங்க, செடிக்காரங்க ஒண்ணு வச்சுக்கிட்டாங்க, அமெரிக்காவுல சாதாரணமா பேசும்போதே ஓரம் உருண்டதையும் அப்படி சொல்றாங்க.

என் அனுபவம் சின்னதுதான். தங்கச்சிக்கு கல்யாணத்துக்கு முன்னாடி கண்ணாடிக்கடையில ஃப்ரேம் பாக்கப்போனோம், அந்தப் பொண்ணு ஆப்லாங் ஃபேஸ்னு சொல்லிட்டா, முகம் நீளம்கறதத்தான் அவங்க அப்படி சொல்றாங்க. தங்கச்சிக்கு அது புரியல. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி நின்னு ரெண்டு கையாலயும் தாடைய மறைச்சு மறைச்சுப் பாத்தா. அன்னிக்கே நான் விளக்கிச் சொல்லியிருக்கணும்.

புளியங்கொட்டை:
நான் அம்மா தப்புன்னு சொல்லவே இல்ல. மூணாங்கிளாஸ் ஒர்க்‌ஷீட்ல கேட்டது கணக்கு, அதுக்கு மட்டும் சொன்னேன்.

கொய்யா இலை:
ரெண்டு பேருக்கும் நன்றி. நேத்து சாயங்காலம் கொல்லையில இருந்து ஒரு கொய்யா இலை பறிச்சு, பக்கத்துல தீப்பெட்டி வச்சு, ரெண்டுக்கும் அதே பேருதான்னு பொண்ணுகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் மாத்தி மாத்திப் பாத்தா. இலைய நோட்டுல அந்தக் கிழிஞ்ச பக்கத்துக்குள்ளயே வச்சுக்கிட்டா.