கிரிஸ் வாளின் 'கங்கியா': தமிழில் என்ன சொல்லலாம்?

சு. (சிங்கப்பூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிலிப்பைன்சின் சூலு தீவுகளைச் சேர்ந்த பழைய கிரிஸ் வாள் ஒன்றைச் சீரமைத்து, அதற்குப் புது உறை செய்வதைக் காட்டும் ஆவணப்படத்துக்குத் தமிழில் துணையுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். அலகு, பிடி, முனை, உறை எல்லாம் நம்மிடம் உண்டு. ஒரு சொல்தான் முட்டுக்கட்டையாக நிற்கிறது. அலகு பிடியைச் சேரும் இடத்தில், இருபுறமும் அகன்று, ஒரு பக்கம் துதிக்கைபோல வளைந்த வேலைப்பாட்டுடன் ஒரு குறுக்கு இரும்பு இருக்கிறது. அலகின் வால் அதன் துளை வழியாக நுழைந்துதான் பிடிக்குள் போகிறது. தென் பிலிப்பைன்சின் முஸ்லிம்களான மொரோ மக்களிடம் அதன் பெயர் கங்கியா. ஜாவாவில் கஞ்சா. என் சங்கடம் இப்போது புரிந்திருக்கும். "கொல்லர் கஞ்சாவை மெல்லத் தட்டிக் கழற்றினார்" என்று திரையில் போட முடியாது.

இரா. (தஞ்சாவூர்) எழுதியது:

இதற்கு ஏன் இவ்வளவு பாடு, தம்பி? 'வாளடித் துண்டு' என்று எழுதுங்கள். படம் பார்க்கிறவர் நிகண்டைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

க. (கோவை) எழுதியது:

> 'வாளடித் துண்டு'

பொருந்தாது ஐயா. பழைய வாள்களில்தான் அது தனித் துண்டு. பிற்கால வாள்கள் பலவற்றில் அலகும் கங்கியாவும் ஒரே இரும்பு. பிரியும் இடம்போலக் காட்ட ஒரு கோட்டைக் கீறியிருப்பார்கள். அது உண்மையான இடைவெளியா வெறும் கீறலா என்று பார்த்துத்தான் வாளின் காலத்தை ஓரளவு கணிக்கிறார்கள். சீரமைப்பில் முதல் வேலையே அதுதான்: எண்ணெய் விட்டு ஊறவைத்து, துருவைச் சிறிது சிறிதாகச் சுரண்டி, கோடு எங்கே ஓடுகிறது என்று தேடுவது. எனவே சொல் இருப்பிடத்தைக் குறிக்க வேண்டும், துண்டை அல்ல.

இன்னொன்று. பிடியை நிறுத்தியிருப்பது மரப்பிசின். அலகை ஈரத்துணியால் சுற்றிவிட்டுப் பிடிக்கு அருகே மட்டும் இளஞ்சூடு காட்டினால் பிசின் இளகும். சூடு மிஞ்சினால் அலகின் தோய்ச்சல் (காய்ச்சித் தோய்த்து ஏற்றிய உறுதி) போய்விடும். அதைத் துணையுரையில் 'அரக்கு' என்று எழுதிவிடாதீர்கள். அரக்கு பூச்சி தருவது. இது மரம் தருவது.

பேரா. நா. (மதுரை) எழுதியது:

கண்ணெதிரே இருப்பதை விட்டுவிட்டு எங்கெங்கோ தேடுகிறோம். கங்கு! வரம்பு, பக்கம், அணைக்கட்டின் ஆதாரம் என்றெல்லாம் பொருள். 'கங்குகரை இல்லாமல்' என்று இன்றும் சொல்கிறோமே. அலகின் வரம்பாக நிற்பது கங்கு. அதுவே கடல் கடந்து கங்கியா ஆயிற்று. நம் மாங்காய் மலாய் வழியாகப் பிலிப்பைன்சின் தகாலோக் மொழியில் 'மங்கா' ஆகவில்லையா? 'வகை' அங்கே 'பகாய்' ஆகவில்லையா? கப்பல் ஏறிய சொற்களை மீட்டு அழைப்பது நம் கடமை. கூடவே, 'பட்டறை' என்று எழுதாமல் புறநானூற்றுக் 'கொற்றுறை'யையும் (95) இந்தச் சாக்கில் புழக்கத்துக்குக் கொண்டுவரலாம்.

மு. (யாழ்ப்பாணம்) எழுதியது:

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மாங்காய் போனதற்கு மலாயில் தடயம் இருக்கிறது. கங்கு போனதற்கு ஓசை ஒற்றுமையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அதை விடுங்கள். கங்கு என்றால் இன்று அடுப்புக் கங்குதான் நினைவுக்கு வரும். இரண்டாம் வேற்றுமை உருபைச் சேர்த்துப் பாருங்கள்: "கொல்லர் கங்கைச் சூடாக்கினார்." காசிக்குப் போய்விடுவார்கள்.

நான் 'காறை' என்பேன். கழுத்தணி, காறை எலும்பு என்று உடற்கூற்றில் ஏற்கெனவே புழங்குகிறது. அலகின் கழுத்தில் குறுக்கே கிடப்பதற்குச் சரியாகப் பொருந்தும். தனித் துண்டாக இருந்தாலும் ஒரே இரும்பாக இருந்தாலும் காறை காறைதான். பட்டறையைப் பற்றி: அது நல்ல தமிழ். அதன்மேல் என்ன கோபம்?

இரா. எழுதியது:

காறை என்று எழுதினால் சுண்ணாம்புக் காரை என்றுதான் படிப்பார்கள். றகர ரகர வேறுபாட்டைத் திரையில் இரண்டு நொடியில் யார் கவனிக்கப் போகிறார்கள்?

மு. எழுதியது:

'வாட்காறை' என்று சேர்த்து எழுதினால் குழப்பம் தீர்ந்தது.

இரா. எழுதியது:

வேறு குழப்பம் தொடங்கியது. 'வாட்' என்றால் என்னவென்று என் மாணவர்கள் கேட்பார்கள். 'வாள்காறை' என்று பிரித்தே எழுதுங்கள்.

பேரா. நா. எழுதியது:

வாட்போர், வாட்படை என்று எழுதுகிறவர்களுக்கு வாட்காறை மட்டும் ஏன் கசக்கிறது? புணர்ச்சியைக் கைவிட்டுத்தான் புரியவைக்க வேண்டுமென்றால் புரியாமலே இருக்கட்டும். (என் வாக்கு இன்னும் கங்குக்கே.)

சு. எழுதியது:

விவாதத்துக்கு நன்றி. இடையில் உறைப் பகுதியையும் கேட்டுவிடுகிறேன். இரண்டு மரப்பாளங்களை உள்ளே குடைந்து, ஒட்டி, பிரம்பு நாரால் வரிந்து கட்டுகிறார்கள். வாயில் தனி மரத்தில் ஒரு குறுக்குக்கட்டை. கங்கியா ஒருபக்கம் நீண்டு சரிந்திருப்பதால், அந்தக் கட்டையின் விளிம்பையும் அதே சரிவில் சீவ வேண்டியிருக்கிறது; ஒரு சீவல் கூடிவிட்டால் வாள் உறைக்குள் ஆடும். அதை 'உறைவாய்' என்று எழுதியிருக்கிறேன். மரம் நாரா. அதை வேங்கை என்று எழுதலாமா?

க. எழுதியது:

உறைவாய் அருமை. வேங்கை வேண்டாம். இரண்டும் ஒரே பேரினம், ஆனால் வேறு மரங்கள். நாரா உங்கள் ஊர்ச் சாலையோரத்தில் நிழல் தரும் அங்சானாதான். பிலிப்பைன்சில் 1934இல் அதைத் தேசிய மரமாக அறிவித்தார்கள். 'நாரா' என்றே எழுதி, ஓரிடத்தில் 'அங்சானா' என்று சேர்த்தால் சிங்கப்பூர்க்காரர்கள் சன்னலைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள்.

பேரா. நா. எழுதியது:

வேங்கை குறிஞ்சியின் மரம். அதன் மஞ்சள் பூ உதிர்ந்த பாறையைப் புலி என்று யானை மிரண்ட காட்சிகளெல்லாம் இருக்க, நாரா என்று எழுதுவதா? நாராவும் மஞ்சளாகத்தானே பூக்கிறது!

மு. எழுதியது:

பூக்கிறது ஐயா. அதற்காகச் சூலுவில் யானையை விடவா முடியும்?

சு. எழுதியது:

இன்று வியாழன். மூவர் வாட்காறை, ஒருவர் வாள்காறை, ஒருவர் கங்கு. முதல் தடவை வரும்போது 'கங்கியா எனும் வாட்காறை' என்றும், பிறகு 'வாட்காறை' என்றும் போட்டுவிட்டேன். இரா. ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். கங்கியாவைப் பிடியோடு இழுத்துக் கட்டும் உலோகப் பட்டைக்கு 'அசாங்-அசாங்' என்று பெயர். அதை வெறும் 'பட்டை' என்று எழுதினேன், யாரையும் கேட்கவில்லை.

இரா. எழுதியது:

பொறுத்துக்கொண்டேன். என் வகுப்பில் வாள்காறை என்றே சொல்வேன்.

பேரா. நா. எழுதியது:

வெறும் 'பட்டை'யா? கவ்வி, பற்றி, பூண் என்று எத்தனை இருக்கின்றன! புது இழை தொடங்குகிறேன்.